தொழுநோய் மாத்திரை தட்டணுவைத் தேடி வந்த வழி: ஸ்டீராய்டுக்குப் பிந்தைய தெரிவுகளின் வரலாறு

ஐ.டி.பி. என்று மருத்துவமனைகளில் சுருக்கமாக வழங்கும் நோயெதிர்ப்புசார் தட்டணுக் குறைவுக்கு முதலில் தரவேண்டிய மருந்து எது என்பதில் மருத்துவ உலகில் பெரிய கருத்து மோதல் இல்லை. ஸ்டீராய்டு என்பதே பொதுவான விடை. மோதல் தொடங்குவது அடுத்த படியில். ஸ்டீராய்டு பலிக்காதபோது, அல்லது பலித்தும் அளவைக் குறைத்தவுடன் நோய் திரும்பும்போது, அடுத்து என்ன? மண்ணீரலை அகற்றுவதா, ரிட்டுக்சிமாப் ஏற்றுவதா, தட்டணு உற்பத்தியைத் தூண்டும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்பதா? இந்த மூன்றுக்கும் அப்பால், இந்திய மருத்துவமனைகளில் நான்காவதாக ஒரு பெயரும் அடிபடுகிறது: டாப்சோன். தொழுநோய்க்குத் தரப்படும் அதே மாத்திரைதான்.

தொழுநோய் மருந்து இரத்த நோயாளியின் மருந்துச் சீட்டில் இடம்பெற்றது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடினால், அது செங்கல்பட்டுக்கும் வேலூருக்கும் மாதுங்காவுக்கும் இட்டுச் செல்கிறது. இரண்டாம் கட்டச் சிகிச்சைகளின் வரிசை எவ்வாறு உருவானது, அந்த வரிசையில் யாருடைய உழைப்பும் யாருடைய உடலும் கலந்திருக்கின்றன என்பதும் அவ்வழியில் தெளிவாகிறது.

நோயும் அதன் புதிரும்

ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். இந்நோயில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்குகிறது; சிலருக்குப் பத்தாயிரத்தையும் தொடுவதில்லை. காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்புகள், கணுக்காலைச் சுற்றிச் செம்புள்ளிகள், ஈறுகளில் கசிவு, பெண்களுக்கு நிற்காத மாதவிடாய் உதிரப்போக்கு ஆகியவை இதன் அறிகுறிகள். மூளையில் இரத்தக்கசிவு ஏற்படுவது அரிது. ஆனால் நோயாளியும் குடும்பமும் ஒவ்வொரு நாளும் அஞ்சி வாழ்வது அதற்காகத்தான்.

1735இல் ஹனோவர் நகர மருத்துவர் பவுல் வெர்ல்ஹோஃப் ஓர் இளம்பெண்ணிடம் இந்நோயைக் கண்டு விவரித்தார். தட்டணு என்று ஒன்று உண்டு என்பதே அப்போது தெரியாது. 1882இல் இத்தாலியரான ஜூலியோ பிட்சொசெரோ தட்டணுக்களைத் தனி அணுக்களாக இனங்கண்டு, இரத்தம் உறைவதில் அவற்றின் பங்கைக் காட்டினார். இந்நோயில் அவை குறைகின்றன என்பது அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தெளிவாயிற்று. ஏன் குறைகின்றன என்பது புதிராகவே நின்றது. எலும்பு மஜ்ஜை போதிய அளவு உண்டாக்கவில்லையா, அல்லது உண்டானவை எங்கோ அழிக்கப்படுகின்றனவா? பின்னர் வந்த ஒவ்வொரு சிகிச்சையும் இந்த இரு விடைகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டே பிறந்தது.

மாணவர் சொல்லும் மருத்துவர் உடலும்

1916இல் பிராகா நகரில் பவுல் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர், தட்டணுக்கள் மண்ணீரலில் அழிகின்றன என்று கருதினார். சிவப்பணுக்கள் சிதையும் சில நோய்களில் மண்ணீரலை அகற்றினால் குணமாவது அப்போதே தெரிந்திருந்தது. அதே தருக்கத்தை இங்கும் பொருத்தலாம் என்று தம் பேராசிரியர்களிடம் எடுத்துரைத்தார். நாட்பட்ட இரத்தக்கசிவால் வருந்திய ஒரு பெண்ணுக்கு அறுவை நடந்தது. தட்டணு எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்நோய்க்கு இருந்த ஒரே உருப்படியான சிகிச்சை மண்ணீரல் அகற்றல்தான். இன்று இரண்டாம் கட்டம் என்று எண்ணப்படும் அறுவை, பிறந்தபோது முதல் கட்டமாகவும் இறுதிக் கட்டமாகவும் இருந்தது.

தட்டணுக்களை அழிப்பது எது என்பதற்கு விடை 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் கிடைத்தது. வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர் இந்நோயாளி ஒருவரின் இரத்தத்தில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டரைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய மறைந்துபோயின, வலிப்பும் வந்தது. சில நாள்களில் எண்ணிக்கை தானாகவே மீண்டது. அழிவுக்குக் காரணமான பொருள் நோயாளியின் இரத்தத்திலேயே மிதக்கிறது என்பது நிறுவப்பட்டது. அது உடல் தன் அணுக்களுக்கு எதிராகத் தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்பது 1960களில் உறுதியாயிற்று. எதிர்ப்பொருள் படிந்த தட்டணுக்களை மண்ணீரலிலுள்ள பெருவிழுங்கணுக்கள் விழுங்குகின்றன. கஸ்னெல்சனின் ஊகம் சரியாகவே இருந்தது.

அதே காலத்தில்தான் கார்டிசோனும் வந்தது. மூட்டுவாத நோயாளிகளிடம் அதன் வியப்பான விளைவு 1948இல் காணப்பட்டது. 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1950களின் தொடக்கத்திலேயே ஐ.டி.பி.க்கும் அது தரப்பட்டது. அறுவை இல்லை, வடு இல்லை, சில நாள்களில் பலன். ஸ்டீராய்டு முதலிடத்தைப் பிடித்தது. அறுவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 'ஸ்டீராய்டுக்குப் பிறகு என்ன?' என்ற கேள்வியே அந்த இடமாற்றத்தில் பிறந்ததுதான்.

இடமாற்றம் முழுமையான தீர்வைத் தரவில்லை. வயதுவந்தோரில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு முதலில் பலிக்கிறது. ஆனால் அளவைக் குறைக்கும்போது பலருக்கு நோய் திரும்புகிறது. தொடர்ந்து உண்டால் சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, முகவீக்கம், மனநிலை மாற்றம், தூக்கமின்மை ஆகியவை வருகின்றன. காசநோய் பரவலாக உள்ள நாட்டில், உடலுக்குள் உறங்கும் கிருமியை நீண்டகால ஸ்டீராய்டு எழுப்பிவிடக் கூடும் என்ற கவலையும் சேர்கிறது. மாற்று வழி தேடுவது அவசரமான தேவையாயிற்று.

இரவல் மருந்துகளின் வரிசை

1951க்குப் பிந்தைய மாற்றுச் சிகிச்சைகளில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகிறது. அவற்றுள் மிகப் பல வேறு நோய்களுக்கெனப் பிறந்து, இந்நோய்க்கு இரவலாக வந்தவை.

புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் 1970களில் வந்தது. 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பவுல் இம்பாக், எதிர்ப்பொருள் குறைபாடுள்ள நோயாளிகளுக்கென உருவான இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியே ஏற்றியபோது, ஐ.டி.பி. உள்ள குழந்தைகளின் தட்டணுக்கள் விரைந்து உயர்ந்ததை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொருள் அது. ஆகவே விலை அதிகம், பலன் நீடிப்பது சில வாரங்களே. பிரசவத்துக்குப் பின் ஆர்.எச். நெகட்டிவ் தாய்மாருக்குப் போடப்படும் ஆன்டி-டி ஊசி, 1980களில் ஆர்.எச். பாசிட்டிவ் நோயாளிகளுக்கு இரவலாயிற்று. கருப்பை உட்சளிப் படலம் இடம்மாறி வளரும் நோய்க்கான டேனசோல் என்ற இயக்குநீர் மருந்தை 1983இல் ஐ.டி.பி.க்குப் பரிந்துரைத்த குழுவில், முன்பு தம் உடலையே சோதனைக்களமாக்கிய ஹாரிங்டனும் இருந்தார். பெண்களுக்கு மீசை அரும்பச் செய்யும், கருவுற்றோருக்கு ஆகாது என்பவை அதன் எல்லைகள்.

1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப், எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி-அணுக்களைக் குறிவைப்பது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஐ.டி.பி.க்கு வந்தது. முதலில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பலித்தது. ஐந்தாண்டு கடந்தும் பலன் நீடித்தவர்கள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதன் உயிரி ஒப்புமருந்தை வெளியிட்டபோது இந்தியாவில் அதன் விலை இறங்கியது. வழக்கமான அளவைவிடக் குறைவாக, வாரம் 100 மில்லிகிராம் வீதம் நான்கு முறை தந்தாலும் பலருக்குப் பலன் கிடைப்பதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டின.

இந்நோயின் தேவையை நேராகக் கருதி உருவானவை தட்டணு உற்பத்தித் தூண்டிகள் மட்டுமே. மஜ்ஜையைத் தூண்டும் திராம்போபொயட்டின் என்ற இயற்கைப் பொருள் 1994இல் இனங்காணப்பட்டது. அதன் செயற்கை வடிவங்களில் ஒன்றை நலமான தன்னார்வலர்களுக்குச் செலுத்தியபோது சிலரின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அந்த எதிர்ப்பொருள் அவர்களுடைய சொந்தத் திராம்போபொயட்டினையும் தாக்கி, தட்டணுக் குறைவையே வரவழைத்தது. சோதனை நிறுத்தப்பட்டது. இயற்கைப் பொருளோடு உருவ ஒப்புமை இல்லாத ரோமிப்லோஸ்டிம் ஊசியும் எல்ட்ரோம்போபாக் மாத்திரையும் அதன்பின் உருவாகி 2008இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றன. பெரும்பாலோருக்குப் பலிக்கின்றன, ஆனால் பலருக்குத் தொடர்ந்து எடுத்துவர வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டு: ஒரு மருந்தின் முன்வாழ்வு

இந்த இரவல் வரிசையில் மிக நீண்ட முன்வாழ்வு கொண்டது டாப்சோன். 1908இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் எமில் ஃப்ரோம், யாகோப் விட்மன் என்ற வேதியியலாளர்கள் இதை முதலில் உருவாக்கினர். எந்த நோயையும் அவர்கள் மனத்தில் கொண்டிருக்கவில்லை. முப்பது ஆண்டுகள் ஆய்வுக்கூட அலமாரியில் கிடந்த அப்பொருள், 1937இல் கிருமி எதிர்ப்பு ஆற்றலுக்காகக் கவனம் பெற்றது. ஆனால் அன்று பயன்படுத்திய பெரிய அளவுகளில் அது மனிதருக்கு நஞ்சாகத் தோன்றியதால் ஒதுக்கப்பட்டது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபாகெட், டாப்சோனிலிருந்து பெறப்பட்ட ப்ரோமின் என்ற மருந்தை நரம்பு வழியே செலுத்தித் தொழுநோயாளிகளிடம் முன்னேற்றம் கண்டார். ப்ரோமின் விலை உயர்ந்தது. ஊசியும் அடிக்கடி தேவைப்பட்டது. ஆயிரமாயிரம் நோயாளிகள் இருந்த இந்தியாவுக்கு அது பொருந்தவில்லை.

செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் வேறு வழியை மேற்கொண்டார். விலை உயர்ந்த வழிப்பொருளை விட்டு, மூலப் பொருளான டாப்சோனையே எண்ணெயில் கலந்து தோலடி ஊசியாக 1940களின் இடையில் தரத் தொடங்கினார். உடலில் வேலை செய்வது மூலப்பொருள் என்றால், அதையே நேரடியாக, குறைந்த அளவில், மலிவாகத் தரலாமே என்பதே அம்முயற்சியின் தருக்கம். சில ஆண்டுகளில் நைஜீரியாவின் உசுவாகோலியில் ஜான் லோவ் அதை மாத்திரையாகவே தரலாம் என்று காட்டினார். ஊசியும் மருத்துவமனை வாசமும் இன்றி, நாளுக்கு ஒரு மாத்திரையால் தொழுநோயைக் கட்டுப்படுத்தும் காலம் பிறந்தது. காக்ரேன் பணியாற்றிய அவ்வில்லம் 1955இல் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

காக்ரேனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1940களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் அவர் வகித்தார். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்று தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைக் காட்டியவரும் அவரே. கை மறுசீரமைப்பு அறுவையின் வரலாற்றில் அப்பயணம் புகழ்பெற்றது. டாப்சோனின் வரலாற்றிலும் செங்கல்பட்டையும் வேலூரையும் இணைத்த கண்ணி அவர்தான்.

மாதுங்கா: அறிவின் விலை

டாப்சோனை அடுத்த முப்பது ஆண்டுகள் பெருமளவில் உட்கொண்டவர்கள் இந்தியத் தொழுநோயாளிகள். அவர்கள் யார், எங்கே இருந்தார்கள் என்பதற்கு மும்பையே சான்று. வாஷியிலிருந்து புறப்படும் ஹார்பர் தடத்து ரயில் கடற்கழியைக் கடந்து மான்குர்த், செம்பூர், குர்லா, சுனாபட்டி வழியாக வடாலாவை அடைகிறது. அந்தத் தடத்தின் ஒரு முனையில், அன்று மாதுங்கா என வழங்கிய வடாலாப் பகுதியில், 1890இல் பம்பாய் மாநகராட்சி ஆணையர் ஹாரி ஆக்வொர்த் வீடற்ற தொழுநோயாளிகளுக்கென ஒரு விடுதியைத் திறந்தார். தெருக்களிலும் கோயில் வாயில்களிலும் கிடந்தவர்கள் காவலர் துணையோடு அங்கே கொண்டுவரப்பட்டனர். அடைக்கலமும் அடைப்பும் ஒன்றாகவே இருந்த இடம் அது. இன்று அது ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை. 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம், வீடற்ற நோயாளிகளைப் பிடித்து அடைக்கும் அதிகாரத்தை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது.

இத்தடத்துக்குச் சற்று அருகே தாராவியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய இடம். நெருக்கமான குடியிருப்புகளில் தொழுநோய் பரவுவதைக் கண்டறிந்து வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தருவதை நோக்கமாகக் கொண்டு, ஆர். கணபதி 1976இல் பம்பாய் லெப்ரசி ப்ராஜெக்ட் அமைப்பைத் தொடங்கினார். விடுதிச் சுவருக்குள் இருந்த சிகிச்சை குடிசைப் பகுதிக்கு நடந்து வந்தது. அதன் கையிலிருந்த முதன்மை மருந்தும் டாப்சோன்தான். டாப்சோனுக்கு அடங்காத கிருமிகள் பெருகியபின் 1981இல் உலக சுகாதார நிறுவனம் பன்மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதிலும் டாப்சோன் தன் இடத்தை இழக்கவில்லை.

டாப்சோன் என்ன செய்யும், என்ன செய்யாது, எங்கே ஆபத்து என்பதையெல்லாம் மருத்துவ உலகம் இந்த நோயாளிகளின் உடல்களிலிருந்தே கற்றது. வயதுவந்தவருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவு நீண்ட அனுபவத்தில் நிலைபெற்றது. சிவப்பணுக்கள் ஓரளவு சிதைவது வழக்கம் என்பதும், ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அச்சிதைவு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் தெரிந்தன. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் மெத்தீமோகுளோபின் நிலை அறியப்பட்டது. காய்ச்சல், தோல் தடிப்பு, ஈரல் அழற்சி சேர்ந்து வரும் கடும் ஒவ்வாமையை லோவும் அவர் உடன்பணியாளரும் 1949இலேயே விவரித்தனர். பம்பாய்ப் பார்சி சமூகத்தாரிடையே ஜி-6-பி-டி குறைபாடு மிகுதியாக இருப்பதை 1960களின் ஆய்வுகள் காட்டின. இன்று டாப்சோன் எழுதுமுன் மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால், தாம் விரும்பிச் சேராத ஒரு பரிசோதனையில் பங்கேற்ற மனிதர்களின் நீண்ட வரிசை நிற்கிறது.

வேலூர்: இரவல் வாங்கிய இடம்

1980களின் இறுதியில் டாப்சோனை ஐ.டி.பி. நோயாளிகளுக்குத் தந்து பார்த்த முதல் செய்திகள் மேலை நாடுகளில் வெளிவந்தன. 1990களில் பிரான்சில் பெர்த்ராண் கொதோவின் குழு அதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அது எப்படிப் பலிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் சுவையானது: டாப்சோனால் சிதையும் சிவப்பணுக்களை விழுங்குவதில் மண்ணீரலின் பெருவிழுங்கணுக்கள் மூழ்கிவிடுவதால், தட்டணுக்கள் தப்பிக்கின்றன. ஆன்டி-டி ஊசிக்கும் இதே விளக்கம் சொல்லப்படுகிறது. தொழுநோய் மருத்துவத்தில் குறையாகக் கருதப்பட்ட பக்கவிளைவே இங்கு மருந்தாகிறது என்பது இந்த ஊகத்தின் பொருள். டாப்சோனின் அழற்சி அடக்கும் தன்மையும் பங்களிக்கலாம். விளக்கம் இன்னும் முடிந்த முடிவாகவில்லை.

இந்திய அளவில் குறிப்பிடத்தக்க சான்று 2005இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. மாமன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோர் உள்ளிட்ட இரத்தவியல் குழு, நாட்பட்ட ஐ.டி.பி. உள்ள குழந்தைகளும் பெரியவர்களுமாக 90 பேருக்கு டாப்சோன் தந்த அனுபவத்தை ஐரோப்பிய இரத்தவியல் இதழில் வெளியிட்டது. ஏறத்தாழ ஐவரில் மூவருக்குப் பலன் கிடைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது. ஆனால் ஒரே மருத்துவமனையில் இத்தனை பேரைத் தொடர்ந்து கவனித்தது அந்த மருந்தைப் பொறுத்தவரை பெரிய எண்ணிக்கை. காக்ரேன் செங்கல்பட்டில் எண்ணெயில் கலந்த பொருள், ஏறத்தாழ அறுபது ஆண்டுக்குப் பின், அவர் முதல்வராயிருந்த கல்லூரியில் வேறொரு நோய்க்கு மறுவாழ்வு பெற்றது.

வேலூருக்கு இது தேவைப்பட்டதன் காரணம் வெளிப்படை. இம்யூனோகுளோபுலின் ஒரு முறை ஏற்ற வயதுவந்தவருக்கு ஆகும் செலவு இலட்சங்களில். தட்டணுத் தூண்டிகள் அப்போது பயன்பாட்டுக்கே வரவில்லை. அறுவையோ மலேரியா நிலவும் நாட்டில் தனித் தயக்கத்தை உண்டாக்குவது. மாற்றாக நின்றது, நாட்டின் எந்த மருந்துக் கடையும் அறிந்த, மிக மலிவான ஒரு மாத்திரை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் பலருக்கு எண்ணிக்கை மீண்டும் இறங்கும். ஆனால் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கவும் காலத்தைக் கடத்தவும் அது வழிவிட்டது.

வரிசையை எழுதுவது யார்?

2019இல் அமெரிக்க இரத்தவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், ஸ்டீராய்டைத் தொடக்கத்தில் ஆறு வாரங்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம் என்றது. மூன்று மாதங்களுக்கு மேலும் ஸ்டீராய்டைச் சார்ந்திருப்பவர்களுக்கும் அது பலிக்காதவர்களுக்கும் தட்டணுத் தூண்டி, ரிட்டுக்சிமாப், மண்ணீரல் அகற்றல் ஆகிய மூன்றை முன்வைத்தது. நோய் தானாகத் தணியும் வாய்ப்பு இருப்பதால், அறுவையைக் குறைந்தது ஓராண்டு தள்ளிப்போடச் சொன்னது. இம்மூன்றிலும் எது உறுதியாக மேல் என்று அறுதியிடும் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, நோயாளியின் விருப்பத்துக்கு இடம் தந்தது. நீண்ட நாள் மருந்து வேண்டாம் என்பவர் ரிட்டுக்சிமாப்பையோ அறுவையையோ நாடலாம். கத்தி வேண்டாம் என்பவர் தூண்டியையோ ரிட்டுக்சிமாப்பையோ நாடலாம். நிலைத்த பலனே முதன்மை என்பவர் அறுவையையோ தூண்டியையோ நாடலாம்.

அதே ஆண்டு வெளிவந்த பன்னாட்டு நிபுணர் குழு அறிக்கையில் டாப்சோனுக்கு இடம் உண்டு. ஆனால் சான்று வலுக்குறைந்த மருந்துகளின் பட்டியலில். அந்த மதிப்பீடு நேர்மையானதே. பெரும் ஒப்பீட்டுச் சோதனைகள் டாப்சோனுக்கு நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதுதான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டியது. 1908இல் பிறந்த பொருளுக்குக் காப்புரிமையாளர் இல்லை. அதற்காகப் பல நாடுகளில் கோடிகளைச் செலவிட்டுச் சோதனை நடத்த யாருக்கும் ஆதாயம் இல்லை. 'சான்று வலுக்குறைவு' என்ற தொடர் மருந்தின் ஆற்றலைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவே சான்றுக்குப் பணம் வரும் வழியைப் பற்றியும் சொல்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலிவு என்பதே ஒரு மருந்துக்குத் தகுதியாகிவிடாது. கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் டாப்சோனைத் தரும் வழக்கம், ஏழை நோயாளிக்கு இரண்டாந்தர மருத்துவத்தை நிரந்தரமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. எல்ட்ரோம்போபாக் இன்று இந்தியாவிலேயே பல நிறுவனங்களால் பொதுமருந்தாகத் தயாரிக்கப்படுகிறது. ரோமிப்லோஸ்டிமுக்கும் இந்திய ஒப்புமருந்து வந்துவிட்டது. 2005இன் வேலூரில் இருந்த கணக்கு இன்றைய கணக்கு அன்று. வேலூர் ஆய்வை இன்றும் அப்படியே ஒப்பிப்பது, அதை அறவே புறக்கணிப்பதைப் போன்றே வரலாற்று உணர்வற்ற செயல்.

தெரிவு நிகழும் இடம்

அறுவைக்கு எதிரான வாதமும் இடத்தைப் பொறுத்து எடை மாறுகிறது. 2004இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மண்ணீரல் அகற்றப்பட்ட வயதுவந்தோரில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினருக்கு முழுப் பலன் கிடைத்திருந்தது. வயிற்றைத் திறந்து செய்த அறுவையில் இறப்பு 1 விழுக்காடு, லேப்ராஸ்கோப்பி வழியில் 0.2 விழுக்காடு. இந்த நீடித்த பலனுக்கு ஈடாகும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் மண்ணீரல் இல்லாதவர்களைத் திடீர்க் கிருமித்தொற்று எந்த அளவு வேகமாக வீழ்த்தும் என்பது 1952இல் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் முதலிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை அறுவைக்கு முன்பே போட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு காய்ச்சலையும் அவசரமாகக் கருத வேண்டும். மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களை வடிகட்டுவதும் மண்ணீரலே. ஒவ்வோர் மழைக்காலத்திலும் மலேரியாவும் டெங்குவும் எழும் மும்பையில் இந்த எச்சரிக்கையின் கனம் வேறு.

நோயறிதலும் அப்படியே. மும்பையில் மழைக்காலத்தில் தட்டணு குறைந்தால் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. தட்டணுக் குறைவுக்கு டெங்கு, மலேரியா, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி, லூபஸ், சில மருந்துகள் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை விலக்கிய பிறகே ஐ.டி.பி. என்ற பெயர் சூட்டப்படுகிறது. ரிட்டுக்சிமாப்புக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை, டாப்சோனுக்கு முன் ஜி-6-பி-டி சோதனை, நீண்ட ஸ்டீராய்டுக்கு முன் காசநோய் பற்றிய விசாரணை என, இந்த மண்ணின் நோய்களே ஒவ்வொரு தெரிவின் வாசலிலும் நின்று கேள்வி கேட்கின்றன. எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கு மேல் இருந்து கசிவும் இல்லையெனில், வயதுவந்தோருக்கு மருந்தே இன்றிக் கவனித்திருப்பதும் ஒரு தெரிவு என்று வழிகாட்டுதல் சொல்கிறது. எண்ணைக் குணப்படுத்துவது வேறு, மனிதரைக் காப்பது வேறு என்ற பாடத்தை இந்நோயின் மருத்துவம் பல பத்தாண்டுகள் கழித்தே கற்றுக்கொண்டது.

வாஷியிலோ செம்பூரிலோ வாழும் ஒரு நோயாளி இன்று ஸ்டீராய்டுக்குப் பின் என்ன என்று தம் மருத்துவரோடு அமர்ந்து பேசும்போது, மேசைமேல் இருப்பவை சில மருந்துப் பெயர்கள் மட்டும் போலத் தோன்றும். பிராகாவின் ஒரு மாணவருடைய ஊகம், தம் நரம்பில் நோயாளியின் இரத்தத்தை ஏற்றிக்கொண்ட ஒரு மருத்துவரின் துணிவு, செங்கல்பட்டின் எண்ணெய்க் கலவை, மாதுங்கா விடுதியில் அடைபட்டவர்களின் ஆண்டுகள் ஆகியவையும் அதே மேசைமேல் இருக்கின்றன. இவற்றுள் எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். வரலாறு மருந்துச் சீட்டு எழுதாது. ஆனால் அச்சீட்டிலுள்ள வரிசை மனிதரால், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட வசதிகளுக்குள் எழுதப்பட்டது என்பதை அது நினைவூட்டும். வரிசையை ஏன் என்று கேட்கும் உரிமை நோயாளிக்குக் கிடைப்பது அந்த நினைவிலிருந்துதான்.